இளவரசியை அறுவடைக் களத்துக்கு அனுப்புங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஒரு மாயக்கதை நாவல் எழுதி வருகிறேன். நீள்குன்றம் என்று ஒரு கற்பனை நாடு. அங்கே மழை தானாகப் பெய்யாது. அரச குடும்பத்தில் பிறந்தவர் கூப்பிட்டால் மழைப்பறவைகள் மேகத்தை இழுத்துக்கொண்டு வரும். அரசர் இறந்துவிட்டார். பன்னிரண்டு வயது மகள் கொன்றைதான் வாரிசு. அவள் பெரியவளாகும்வரை தாய்மாமன் நாட்டைப் பார்த்துக்கொள்கிறார். முதல் ஆறு அத்தியாயமும் பயிற்சிதான்: வாள், குதிரை, பறவைமொழி, நீதிநூல். எல்லாவற்றிலும் சீக்கிரம் தேறிவிடுகிறாள். படித்த தோழி, "இவ முதல் பக்கத்துலயே ராணி மாதிரிதான இருக்கா, அப்புறம் எதுக்குப் பயிற்சி?" என்று கேட்டுவிட்டாள். நிஜத்தில் அரச வீட்டுப் பிள்ளைகளை எப்படிப் பழக்கினார்கள்? எத்தனை வருடப் பயிற்சியைக் காட்ட வேண்டும்? கிழ ஆசிரியர் கண்டிப்பானவராக இருக்க வேண்டுமா? ஐந்தாம் அத்தியாயத்தில் அவரைச் சாகடித்திருக்கிறேன், சரியா? ஒன்பதில் பகைநாட்டார் கொன்றையைக் கடத்துவதாகத் திட்டம். மாமனை வில்லனாக்கலாமா?

பதில் (நாவல் எடிட்டர்):

அன்புள்ள தங்கைக்கு,

ஆறு அத்தியாயங்களையும் படித்தேன். மழைப்பறவைகள் அருமையான கற்பனை. வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். ஒரு நாட்டின் மழையை ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டீர்கள். நாவலுக்கு வேண்டிய சிக்கல் எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஆறு அத்தியாயம் முடிந்த பிறகும் அந்தப் பறவைகள் அரண்மனை முற்றத்தில் வித்தை காட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் தோழி சொன்னது சரி. கொன்றை படிக்கிற பாடங்களில் அவள் தவறினால் அடி அவளுக்கு மட்டும்தான் படுகிறது. வாள் நழுவினால் அவள் தோளில் காயம், குதிரை உதறினால் அவள் முழங்காலில் சிராய்ப்பு. போர்வீரனைப் பழக்க அது போதும். நாட்டை ஆளப்போகிறவள் தப்பாக முடிவெடுத்தால் பட்டினி கிடக்கப்போவது வேறு யாரோ. அந்த ஆளின் முகத்தைப் பார்க்காமல், அவர் வீட்டு வாசலில் போய் நிற்காமல் அவள் எதைக் கற்றாலும் ஆளக் கற்றதாக வாசகர் நம்ப மாட்டார்.

நிஜத்தில் எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இளவரசனின் கல்விக்கு ஒரு திட்டமே இருக்கிறது. முதலில் எழுத்தும் எண்ணும். உபநயனத்துக்குப் பிறகு வேதமும் தத்துவமும். பதினாறு வயதுவரை பிரம்மச்சரியம். முற்பகலில் யானை, குதிரை, தேர், ஆயுதம். பிற்பகலில் பழங்கதைகளையும் வரலாறுகளையும் கேட்பது. இந்த அளவுக்கு நீங்களும் எழுதிவிட்டீர்கள். உங்கள் பிரதியில் விட்டுப்போனது ஒன்று: உழவு, கால்நடை, வணிகம் அடங்கிய கல்வியை அந்தந்தத் துறையை நடத்தும் அத்தியட்சர்களிடமே கற்க வேண்டும் என்கிறார் கௌடில்யர். ஆட்சிமுறையைக்கூட, அதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்களிடம் மட்டுமல்லாமல் செய்து பழகியவர்களிடமும் கற்கச் சொல்கிறார். உங்கள் கதையில் எல்லாப் பாடத்தையும் ஒரே கிழவர், ஒரே மண்டபத்தில் நடத்துகிறார்.

அதனால் ஒரு களஞ்சியக்காரரைக் கொண்டுவாருங்கள். அறுவடை நேரத்தில் கொன்றையை ஒரு கேழ்வரகுக் களத்துக்கு அனுப்புங்கள். வரி அளக்கிறவன் படியைக் குவியலுக்குள் அழுத்தி, மேலே கோபுரமாகக் குவித்து எடுக்கிறான். ஓரத்தில் சிந்துவதைக்கூட இன்னொரு கையால் அணைத்துக்கொள்கிறான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை போகிறது. நாலு மாதம் கழித்து, கஞ்சிக்கு வழியில்லாத வீடுகளுக்கு அதே களஞ்சியத்திலிருந்து தானியம் கொடுக்கிறார்கள். அதே ஆள், அதே படி. இந்தத் தடவை உள்ளங்கையால் விளிம்போடு தலைதட்டிவிட்டு ஊற்றுகிறான். ஓலையில் இரண்டும் ஒரு படி என்றுதான் ஏறும். கணக்கைப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. பக்கத்தில் நின்று கையைப் பார்த்தால்தான் தெரியும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். அவளே கவனிக்கட்டும்.

கவனித்ததும் உடனே நீதி வழங்கிக் கைதட்டல் வாங்க விடாதீர்கள். "இனிமேல் கொடுக்கும்போதும் குவித்துக் கொடு" என்று அவள் உத்தரவு போடட்டும். ஒரு மாதத்தில் களஞ்சியத்தில் குறை விழட்டும். கூப்பிட்டு விசாரித்தால் அந்த ஆள், "அரண்மனைச் சம்பளம் வந்து மூணு வருஷம் ஆச்சு தாயி, தலைதட்டினதில் மிஞ்சினதுதான் எங்க வீட்டுச் சோறு" என்று சொல்லட்டும். சம்பளத்தை நிறுத்தியது யார் என்று பார்த்தால், அது அவள் அப்பா போட்ட ஆணை. செத்துப்போன அப்பாவைத் தெய்வமாகக் கும்பிடுகிற பிள்ளை அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? நீதிநூல் வகுப்புக்கு ஒதுக்கிய இருபது பக்கத்தை எடுத்துவிட்டு இந்த ஒரு காட்சியை எழுதுங்கள்.

வரி பற்றி ஒரு பாட்டு வேண்டுமென்றால், பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் மா என்ற சிறு நில அளவுக்கும் குறைவான நிலம்கூட ஆனைக்குப் பல நாளைக்கு வரும். ஆனை தானே வயலுக்குள் இறங்கிவிட்டால், நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். பக்கத்து மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதிர் முற்றும் நாளில் ஆனைக்கூட்டம் இறங்கிய ராகிக் கொல்லையை விடிந்ததும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பாட்டுக்கு உரை தேவைப்படாது. கொன்றையும் அதை ஓலையில் படிக்க வேண்டாம், கொல்லையில் நின்று பார்க்கட்டும்.

இனி உங்கள் ஊர்ச் சங்கதி. தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியையும் நெல்லிக்கனியையும் எல்லோருக்கும் தெரியும். அவன் மகன் பொகுட்டெழினியையும் ஔவையார் பாடியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. வாரிசைப் பற்றி எழுதுகிற நீங்கள் புறநானூற்று 102ஆம் பாட்டை அவசியம் படிக்க வேண்டும். உப்பு வணிகர்களின் வண்டி. மாடுகள் இளசு, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ, யார் கண்டது? அதனால் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, கட்டிக்கொண்டு போவார்களாம். எழினி, நீ அந்தச் சேம அச்சு என்கிறார் ஔவையார்.

அந்த அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கொட்டகையில் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைக்கப்படவில்லை. வண்டிக்கு அடியிலேயே கட்டியிருக்கிறது. அதே பாதை, அதே புழுதி, அதே குலுக்கல். உங்கள் கொன்றையை நீங்கள் கொட்டகையில் வைத்திருக்கிறீர்கள்.

கொட்டகையில் வைத்த நாடும் உண்டு. துருக்கியில் ஒஸ்மானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் தங்கள் இளவரசர்களை மனீசா போன்ற மாகாணங்களுக்கு ஆளுநராக அனுப்பினார்கள். லாலா எனப்பட்ட மூத்த ஆலோசகர் ஒருவர் கூடவே போவார். பையன் அங்கே வரி வாங்குவான், வழக்கு கேட்பான், சின்ன அளவில் ஒரு அரசவையையே நடத்துவான். 17ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் போய்விட்டது. வாரிசுகளை அரண்மனைக்குள்ளேயே, கூண்டு என்று பெயர் வாங்கிய ஒரு பகுதியில் அடைத்துவைத்தார்கள். 1687இல் அரியணை ஏறிய இரண்டாம் சுலைமான் அதுவரையிலான வாழ்நாளில் பெரும்பகுதியை அப்படி அடைபட்டே கழித்தவர். ஒரு ஊர்கூட அவர் பொறுப்பில் இருந்ததில்லை. திடீரென்று ஒரு சாம்ராஜ்யம் கைக்கு வந்தது.

ஆகவே கொன்றைக்கு இப்போதே ஒரு சிறு பகுதியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஏரி, அதை நம்பியிருக்கும் இரண்டு ஊர். அதற்கு மேல் வேண்டாம். அங்கே அவள் சொன்னதுதான் தீர்ப்பு. அங்கே அவள் செய்த தப்பை யாரும் திருத்தக் கூடாது.

இந்த இடத்தில் உங்கள் மாயத்துக்கு ஒரு விதி தேவைப்படுகிறது. பறவைகள் இழுத்து வரும் மேகம் எங்கிருந்து வருகிறது? கூப்பிட்டால் வரும், பெய்யும், போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிகவும் சுலபம். கூப்பிட்ட மழை அந்த ஏரியைச் சுற்றியுள்ள இரண்டு ஊரிலும் பெய்தே தீரும், ஒன்றை விட்டு ஒன்றில் பெய்யாது என்று வையுங்கள். மேட்டு ஊரில் கொள்ளு பூவெடுத்து நிற்கிறது. ஒரு மழை கிடைத்தால் காய் பிடிக்கும். பள்ளத்து ஊரில் ராகி அறுத்துக் களத்தில் கிடக்கிறது. நனைந்தால் முளைத்துவிடும். இரண்டு ஊர் ஆட்களும் ஒரே காலையில் வருகிறார்கள். இரண்டு பேர் கேட்பதும் நியாயம். கெட்டவன் என்று யாருமில்லை.

கொன்றை மேட்டு ஊருக்காக மழையைக் கூப்பிடட்டும். காரணம் சின்னதாக, பிள்ளைத்தனமாக இருக்கட்டும். அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி போன மாதம் அவளுக்கு வேகவைத்த கொள்ளும் வெல்லமும் கொடுத்திருக்கலாம். பறவைமொழிப் பாடத்தில் அவள் சுட்டி என்று காட்டினீர்களே, அது இங்கே பயன்படட்டும். ஒரே தடவையில் அற்புதமாக மழையை வரவழைக்கிறாள். மூன்றாம் நாள் பள்ளத்து ஊர்ப் பெரியவர் வருகிறார். கூச்சல் போடவில்லை. துண்டை அவிழ்த்து ஒரு பிடி ராகியை அவள் முன்னால் வைக்கிறார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளை முளை. அதை எடுத்து முகர்ந்துபார்த்தால் புளித்த வாடை. "இதுல களி கிண்ட முடியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைக்கு அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அடுத்த நாள் களஞ்சியக்காரரிடம் போய்ப் படியை எப்படி அளக்கச் சொல்கிறாள், இதையெல்லாம் பொறுமையாக எழுதுங்கள்.

இன்னொன்று. ஆறு அத்தியாயத்தில் கொன்றையின் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாய்மாமன் இருக்கிறார், தாய் எங்கே? இறந்துவிட்டார் என்றாலும் அவருக்கு ஒரு பிறந்த ஊர் வேண்டுமே. அது அந்தப் பள்ளத்து ஊராகவே இருக்கட்டும். அப்படியானால் மருமகள் கெடுத்தது மாமனின் சொந்த ஊர்க் களம். உறவுக்காரர்கள் நேராக மாமனிடம் போய், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்று நிற்பார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதுதான் அவர் அவளுக்குத் தரும் பெரிய பாடம். அதற்காகச் சொந்த ஊரில் அவருக்குக் கெட்ட பேரும் வரும்.

நிர்வாகத்தை இப்படிக் களத்தில் கற்றதற்கு உங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1792இல் உங்கள் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்ததும், அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோ ஒருவர். அதுவரை ராணுவ அதிகாரியாக இருந்தவர். ஏழு வருடம் இந்தப் பகுதியில் வயல்களை அளந்து, குடியானவரோடு பேசித்தான் நிலவரி வேலையைக் கற்றார். பின்னால், 1820இல், சென்னை மாகாணத்துக்கே ஆளுநரானார். அவர் யாருக்காக வரி வாங்கினார் என்ற கேள்வி தனி. ஒருவர் எங்கே நின்று கற்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிழ ஆசிரியருக்கு வருவோம். பிரம்பு வேண்டாம், கத்தவும் வேண்டாம். அவள் முடிவெடுக்கும்வரை தன் கருத்தைச் சொல்லாமல் இருக்கட்டும். முடிவு கெட்டுப்போனபின் "பரவாயில்லை கண்ணு" என்று சொல்லாமல் இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டும் பிரம்பைவிடக் கடுமை. இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்க ஆளே இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது குறள். நீங்கள் இடித்துச் சொல்லும் ஒரே ஆளை ஐந்தாம் அத்தியாயத்தில் கொன்றுவிடுகிறீர்கள். ஆசிரியர் செத்ததும் சீடப்பிள்ளை ஒரே இரவில் பக்குவம் அடைவதை வாசகர் நிறையப் பார்த்துவிட்டார். அழுகை வந்துவிடுகிறது, கற்பது நின்றுவிடுகிறது. அவரை உயிரோடு வைத்து, ஒரு தடவை அவர் யோசனையே தவறிப்போகும்படி எழுதுங்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றைச் செய்து, அதன் பழியைத் தானே ஏற்றுக்கொள்ளும் நாள் அவளுக்கு வர வேண்டும்.

அவரை அவளோடு ஒரு தூதுக்கும் அனுப்பலாம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கும். உன் வேல்கள் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலச் சொல்லி, சண்டை வேண்டாம் என்று உணர்த்திவிட்டார். பகைநாட்டு மண்டபத்தில் எதை உற்றுப் பார்க்க வேண்டும், பார்த்ததை எந்தத் தொனியில் சொல்ல வேண்டும் என்று கொன்றை கற்க அப்படி ஒரு நாள் போதும்.

எத்தனை வருடம்? பன்னிரண்டிலிருந்து பதினாறு. நாலு வருடத்தையும் எழுத வேண்டாம். இரண்டு அறுவடையை நெருக்கமாக எழுதுங்கள், மீதியை ஒரு பத்தியில் கடந்துவிடுங்கள். ஆனால் அவள் குழந்தை என்பதை மறக்காதீர்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடும்போது, காலில் கிண்கிணியைக் கழற்றிவிட்டுக் கழல் பூட்டியிருக்கிறான், கழுத்தில் தாலியை இன்னும் கழற்றவில்லை, பாலை விட்டு இன்றைக்குத்தான் சோறு உண்டான் என்கிறார். போர்க்களத்தில் நிற்கிற அரசனின் கழுத்தில் குழந்தைத் தாலியைப் பார்த்த கண் அது. உங்கள் கொன்றையிடம் அப்படி ஒன்றுமே இல்லை. வழக்கு நடக்கும்போது அவளுக்குத் தூக்கம் வரட்டும். தீர்ப்பு சொல்லிவிட்டு வெளியே வந்து நொண்டி விளையாடட்டும்.

ஒன்பதாம் அத்தியாயத்துக் கடத்தலை விட்டுவிடுங்கள். அவளைப் பிணையாக அனுப்புங்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் உங்கள் பாராமகாலும் ஒன்று. அதே உடன்படிக்கைக்குப் பிணையாக அவருடைய இரண்டு சின்னப் பையன்கள் கும்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சென்னையில் வைத்திருந்து 1794இல்தான் திருப்பி அனுப்பினார்கள். கடத்தப்பட்ட பிள்ளை தப்பிக்க வழி தேடும், அவ்வளவுதான். பிணையாகப் போன பிள்ளை பகைவன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வேண்டும், அவன் பிள்ளைகளோடு விளையாட வேண்டும், தன் நாடு வாக்கை மீறினால் தன் கதி என்ன என்று தெரிந்துகொண்டே தூங்க வேண்டும். அங்கே மழைப்பறவையைக் கூப்பிடும்படி அவர்கள் கேட்டால்? அந்த ஊர் வயலும் காய்ந்துதானே கிடக்கும்.

கடைசியாக மாமன். வில்லனாக்க வேண்டாம். நல்லவராக மட்டுமில்லை, கெட்டிக்காரராகவும் வையுங்கள். அவர் கையில் நாடு நன்றாகவே நடக்கட்டும். கெட்டவனிடமிருந்து அரியணையைப் பிடுங்குவதில் எந்தப் பெண்ணுக்கும் மனச்சங்கடம் இருக்காது. பதினாறு வயதில் அவள் போய்க் கேட்கும்போது, அவர் பொறாமையே இல்லாமல், உண்மையான அக்கறையோடு, "இன்னும் ஒரு அறுவடை போகட்டும் கண்ணு" என்று சொல்லட்டும். முளைவிட்ட அந்த ராகியை அவரும்தான் பார்த்திருக்கிறார். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். அதற்கு அவள் சொல்லும் பதிலை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதை நான் சொல்லக் கூடாது.

ஏழாம் அத்தியாயத்தைத் தொடங்கும் முன் முதல் ஆறையும் மூன்றாகச் சுருக்குங்கள். இரண்டாம் அத்தியாயத்தில், வலக்கையில் கட்டுப்போட்டிருந்த அந்த வாரம் அவள் இடக்கையால் எழுதிப் பழகும் பகுதி மிக நன்றாக வந்திருக்கிறது. சுருக்கும்போது அதில் மட்டும் கைவைக்காதீர்கள். சுருக்கிய பிரதியை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.